ஒக்ஸ்போட்டும் ஹாவார்டும் மாணவரிடம் தேடுவது யாது?

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஒரு கள்ளிச் செடியிலிருந்து பேச்சைத் தொடங்க அனுமதி வேண்டுகிறோம். ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் உயிரியல் பயில விரும்புவோரிடம் நேர்முகப் பரீட்சையில் எத்தகைய வினாக்கள் கேட்கப்படும் என்பதற்கு அச்சர்வகலாசாலையாரே சில மாதிரிகள் வெளியிட்டுள்ளனர். அவற்றுள் ஒன்று இது: கள்ளிச் செடியொன்றை முன்னே வைத்து, "இதைப் பற்றிச் சொல்லும்" என்பார்கள். அவ்வளவே.

நாகதாளியை நாம் பார்த்திராதவர்கள் அல்லர். ஆயினும் அந்த ஆசனத்தில் நாம் இருந்திருந்தால், குடும்பம் இன்னது, வாழிடம் வரண்ட நிலம் என்று குறிப்புப் புத்தகத்தை ஒப்புவித்திருப்போம். அங்கே அதற்குப் பெறுமதி சொற்பம். தண்டு ஏன் தடித்திருக்கிறது, இலை எங்கே போயிற்று, முள் யாருக்கு அஞ்சி முளைத்தது என்று கண்ணாற் கண்டதிலிருந்து மாணவன் தானே எண்ணிச் செல்ல வேண்டும். பிழையாகச் சொன்னாலும் பாதகமில்லை. பிழையைச் சுட்டியவுடன் எண்ணத்தைத் திருத்திக் கொள்கிறானா என்று பார்ப்பார்கள். வினாவுகின்றவர்கள் பெரும்பாலும் அக்கல்லூரியிற் கற்பிக்கும் ஆசிரியர்களே. இரண்டு மூன்று பேராக இருத்திப் பாடஞ் சொல்வது அங்குள்ள வழக்கமாதலால், இவனோடு உரையாடிப் பயனுண்டா என்பதே அவர்கள் கவலை.

உயர்ந்த புள்ளிகள் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பல பாடங்களுக்குத் தனி எழுத்துப் பரீட்சையும் உண்டு. விளையாட்டுக் கிண்ணங்களோ பாடத்தோடு தொடர்பில்லாவிடில் அங்கே எடுபடா.

அமெரிக்காவின் கதை வேறு. 2024இல் ஹாவார்டுக்கு விண்ணப்பித்தோர் 54,000க்கு மேல்; இடம் பெற்றோர் 1,937 பேர். கல்வி, பிற முயற்சிகள், விளையாட்டு, குணநலம் என்று தனித்தனியே மதிப்பிட்டு இலக்கமிடும் முறை, 2018இல் நடந்த ஒரு வழக்கு விசாரணையில் உலகறிய வெளிவந்தது. முழு மனிதனையும் பார்க்கிறோம் என்பது அவர்கள் கூற்று.

மிஷன் கல்லூரியிற் பயின்ற எமக்குக் குணநலம் என்ற சொல் பழக்கமானது. பரிசளிப்பு விழாத்தோறும் அதைக் கேட்டு வளர்ந்தோம். மாசற்ற சொல்லென்றே நம்பியிருந்தோம். ஹாவார்டின் வரலாற்றைப் படித்தபோது அந்நம்பிக்கை ஆட்டங் கண்டது. 1922இல் அங்கு பயின்றவர்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் யூதர். பரீட்சையில் வென்று வந்தவர்கள் அவர்கள். தலைவராயிருந்த லோவெல் அவர்களுக்கு ஓர் எல்லை வகுக்க விரும்பினார். ஆசிரியர் குழு வெளிப்படையான எல்லைக்கு இணங்கவில்லை. 1926இல் வேறு வழி பிறந்தது. குணநலத்துக்கு முக்கியத்துவம் கொடுக்கப்பட்டது. விண்ணப்பத்தோடு நிழற்படமும் கேட்கப்பட்டது. சில ஆண்டுகளில் யூத மாணவர் தொகை இறங்கிற்று. கதவை மூடாமலே ஆளைத் தடுக்கும் உபாயம் என்று இதைச் சொல்லலாம்.

இன்று நிலை மாறிவிட்டதா? முன் சொன்ன வழக்கில், ஆசிய வம்சாவளியினருக்குக் குணநல இலக்கம் குறைவாகக் கிடைத்தது என்பது ஒரு குற்றச்சாட்டு. வேண்டுமென்று பாகுபாடு காட்டியதாகத் தெரியவில்லை என்று கீழ் நீதிமன்றம் 2019இல் தீர்த்தது. 2023இல் உயர் நீதிமன்றம், அனுமதியில் இனத்தைக் கணக்கிலெடுக்கும் முறையையே நீக்கியது. அதே 2023இல் செற்றி முதலிய பொருளியலார் வெளியிட்ட ஆராய்ச்சி எம்மை இன்னும் சிந்திக்க வைத்தது. ஒரே பரீட்சைப் புள்ளி பெற்றவர்களுள், மிகச் செல்வந்தரான நூற்றிலொரு பங்கினரின் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கு மேல் அச்சிறந்த கல்லூரிகளில் இடம் பெறுகின்றனர். பெற்றோர் அங்கே படித்திருத்தல், விளையாட்டுக்கென ஆட் சேர்த்தல், கல்வி சாராத் தகுதிகளுக்குரிய இலக்கம் ஆகியனவே காரணம். படகோட்டாத பிள்ளையைப் படகோட்டி என்று காட்டப் படம் பிடித்து அனுப்பிய பெற்றோரும் 2019இல் அகப்பட்டனர்!

நமது நாட்டில் இசட் புள்ளியும் மாவட்டமும் தீர்மானிக்கின்றன. குணத்தை எவரும் விசாரிப்பதில்லை. 1970களின் தரப்படுத்தல் பெரியோர் மனத்தில் விட்ட வடுவை அறிவோம். அது வேறொரு நாட் பேச்சு.

இவ்வளவும் சொன்னது விண்ணப்பிக்க வேண்டாம் என்பதற்கன்று. பணமில்லை என்று பின்வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும்: ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி. ஆகியவை பிறநாட்டு மாணவரது பொருள் நிலையைப் பாராமலே தெரிவு செய்து, தெரிவானவரின் தேவைக்கேற்ற உதவியும் வழங்குகின்றன. ஒக்ஸ்போட்டில் பிறநாட்டு இளமாணி வகுப்பினருக்கு அத்தகைய உதவி அரிது. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க இயலாது. இறுதி நாள் ஒக்டோபர் 15. அமெரிக்க விண்ணப்பத்துக்கு ஒரு கட்டுரை வேண்டும். சமூக சேவைப் பட்டியலை அதிற் கொட்ட வேண்டாம். தகப்பனாருக்குத் தோட்டத்தில் நீரிறைத்தவன் அதை எழுதட்டும்.

கூட்டம் முடிந்தபின் வாசிகசாலையில் இருப்போம். கட்டுரை எழுதியவர்கள் கொண்டு வரலாம். திருத்தி அழகுபடுத்தித் தரமாட்டோம், ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று மாத்திரம் கேட்போம்.