அன்பின் அடையாளம் கீழ்ப்படிதலே



ஜூபிலி விழாவின் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் உள்ளங்களைக் குளிரச் செய்கின்றன. இறைவன்மீது நமக்குள்ள அன்பை இவ்வாறு வெளிப்படுத்துவது நன்றே. ஆயினும், கடைசி இராவுணவு வேளையில் ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டது விழாவை அன்று. தம்மீது கொண்ட அன்பைத் தம் கட்டளைகளின்படி நடந்து காட்டுமாறே கேட்டார்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பழைய மதுரை மிஷனின் மறைசாட்சி புனித அருளானந்தரை நோக்குவோம். 1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்த அவர், இயேசு சபைக் குருவாகி, காவியுடுத்துப் பண்டாரசாமியாக நம் மக்களிடையே வாழ்ந்தார். 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டுக் கொடிய வாதனைகளுக்கு உள்ளானார். உயிர்தப்பிய அவரை, மிஷன் அலுவலாக ஐரோப்பாவுக்குப் போகுமாறு சபை மேலாளர்கள் பணித்தனர். போனார். அங்கே போர்ச்சுகல் அரசர் இரண்டாம் பேதுரு, அவருடைய இளமைத் தோழர், அவரைத் தம்மருகே இருத்திக்கொள்ள விரும்பினார். அரண்மனை சுகம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. 1690-ல் மீண்டும் இந்தியா வந்து சேர்ந்தார். "போ" என்றால் போவதும், "இரு" என்று உலகம் இழுக்கும்போது புறப்படுவதும் கீழ்ப்படிதலே அல்லவா?

அவரிடம் திருமுழுக்குக் கேட்டு வந்தார் தடியத்தேவர் என்ற மறவ குலத் தலைவர். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியைத் தவிர மற்றவர்களை மனைவியராக வைத்திருக்கலாகாது என்றார் அருளானந்தர், தலைவர் கீழ்ப்படிந்தார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவினள். அவள் முறையிட்டதன் விளைவாக, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டு மாண்டார். 1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. கட்டளையைச் சற்றே தளர்த்தியிருந்தால் அவர் உயிர் தப்பியிருக்கலாம். தளர்த்தவில்லை.

பரவையில் வாழும் நம்மிடம் இன்று யாரும் தலையைக் கேட்பதில்லை. இறைவன் கேட்பது சிறியது. ஆனால் நாள்தோறும் கேட்கிறார். காய்கறிச் சந்தையில் தராசு பிடிக்கும் கையிடம் நேர்மையைக் கேட்கிறார். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பியிடம் மன்னிப்பைக் கேட்கிறார். கூலிப் பணத்தோடு மதுக்கடையைத் தாண்டும் தகப்பனிடம், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளின் பங்கைக் கேட்கிறார். ஒரே திருப்பந்தியில் அப்பம் உண்ட நாம் கோவில் வாசலைத் தாண்டியதும் சாதி பார்த்தால், அங்கே நம் அன்பு பொய்த்துப்போகிறது.

அன்பில்லாத கீழ்ப்படிதல் அடிமைத்தனம். கீழ்ப்படிதல் இல்லாத அன்பு வெறும் வாய்ச்சொல். தாய் இரவெல்லாம் கண்விழிப்பது சட்டத்திற்கு அஞ்சியா? பிள்ளைமேல் வைத்த பாசத்தால் அன்றோ! அவ்வாறே நாமும் இறைவனுக்குப் பணிவோம்.

ஜூபிலிக் கொடி இறங்கிவிடும், விளக்குகளும் அணைந்துவிடும். மறுநாள் காலையில் நாம் செய்யும் முதல் நேர்மையான செயலே இவ்விழாவின் உண்மையான காணிக்கை. அதற்கான வரத்தைப் புனித அருளானந்தரின் வேண்டுதலால் இறைவன் நமக்கு அருள்வாராக! ஆமென்.