பாதுகாவலர் மனுவில் பேசாதவரின் குரல்



தம் நிலத்தையும் ஓய்வூதியத்தையும் தாமே நிர்வகிக்க இயலாதவர் என்று ஒருவரைக் குறித்து நீதிமன்றத்தில் மனு தாக்கலாகிறது. மனுதாரரான உறவினருக்கு வழக்கறிஞர் உண்டு. யாருடைய உரிமை விசாரிக்கப்படுகிறதோ, அவருக்காக வாதாடுபவர் யார்?

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தது. அதன் வழிவந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு பாதுகாவலரின் அதிகாரத்திற்கு எல்லை வகுத்துள்ளது. குறிப்பிட்ட முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்திற்கு, சம்பந்தப்பட்டவரைக் கலந்து, அவர்தம் விருப்பத்திற்கு இணங்க என்பதே அதன் பொது நெறி. சொத்து விவகாரத்தில் நலமுரண் எழுமாயின் ஆதரவளிப்பவர் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்கிறது 13ஆவது பிரிவு.

ஆயினும், எல்லை மீறப்படுவதை நீதிபதிக்கு எடுத்துரைக்க எவரும் இல்லையெனில், இவையனைத்தும் ஏட்டளவிலேயே நிற்கும். செல்வந்தர் வீட்டுக்குத் தனி வழக்கறிஞர் வருவார். விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு யார் வருவார்?

சட்டத்தில் விடை உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற மாற்றுத்திறனாளிக்கு உரிமை உண்டு. ஆனால் அது கேட்டுப் பெறும் உரிமை. கேட்க இயலாதவரே இங்கு வழக்கின் நடுவில் இருப்பவர். எனவே, எவரும் விண்ணப்பிக்காவிடினும் மனு ஏற்கப்படும் நாளிலேயே அவருக்கு வழக்கறிஞரை நியமிப்பது நீதிமன்றத்தின் கட்டாயக் கடமையாக்கப்பட வேண்டும்.

அதுவரை கிளைத் தோழர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி, குடும்பத்திற்காக அன்றி, அவருக்கென்றே வழக்கறிஞரைக் கோருவார்களாக.