குறை விதையிலா, பள்ளியிலா?



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆய்வுக்கூடச் சுண்டெலியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தக்க காரணம் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

1962ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் மயிரற்ற சுண்டெலிகள் சில பிறந்தன. இது மரபணுவில் நேர்ந்த திடீர்மாற்றத்தின் விளைவு என்று 1966இல் பிளனகன் என்பார் விளக்கினார். இவை தொற்றுநோய்க்கு எளிதில் இரையாகி, பெரும்பாலும் சில மாதங்களில் மடிந்தன. 1968இல் பான்டெலூரிஸ் ஆராய்ந்தபோது, மார்பெலும்பின் பின்னே இருக்கவேண்டிய தைமஸ் சுரப்பி இவற்றில் உருவாகவே இல்லை எனக் கண்டார்.

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இளம் உயிரணுக்கள் தைமஸுக்கு வந்து, தன்னுடையது எது, அயலானது எது எனப் பகுத்தறியப் பயின்று, 'டி' உயிரணுக்களாக வெளியேறுகின்றன. தைமஸின் இன்றியமையாமையை மில்லர் 1961இல் மெய்ப்பித்தார். அஃது உடலுக்குள் அமைந்த ஒரு பள்ளிக்கூடம் எனலாம்.

அவ்வாறாயின் மயிரற்ற சுண்டெலியில் குறை எங்கே? நலமுள்ள சுண்டெலியின் தைமஸை அதன் உடலில் பொருத்திப் பார்த்தனர். அதுவரை முதிராதிருந்த அதே உயிரணுக்கள் அங்குச் சென்று பயின்று 'டி' உயிரணுக்களாயின. விதையில் பழுதில்லை, பள்ளிதான் இல்லை! பழுதுற்ற மரபணு 1994இல் கண்டறியப்பட்டது. மயிர் வளர்ச்சிக்கும் தைமஸின் கட்டமைப்புக்கும் வேண்டிய மரபணு அது.

எல்லாக் குறையும் ஒரு தன்மையன அல்ல. 1983இல் பிலடெல்பியாவில் போஸ்மா குழுவினர் அறிவித்த வேறொரு சுண்டெலியில் குறை உயிரணுவிலேயே இருந்தது. கிருமியை இனங்காணும் உறுப்பை ஆக்குவதற்கு, உயிரணு தன் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டவேண்டும். ஒட்டும் வேலை செம்மையாக நிகழாமையால் 'டி', 'பி' ஆகிய இருவகை உயிரணுக்களும் முதிரவில்லை. அதற்குத் தைமஸ் போதாது. நல்ல மஜ்ஜையே வேண்டும். இத்தகைய சுண்டெலிகள் புற்றுநோய் ஆய்வுக்கு இன்றும் பெருந்துணை புரிகின்றன.

இருவகைச் சுண்டெலியிலும் 'டி' உயிரணுக் குறைவே காணப்பட்டது. காரணமோ வேறு வேறு. சோதித்த பின்னரே அறிவியல் தீர்ப்புக் கூறிற்று.

நம் மக்களுக்குக் கல்வி ஏறாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னோர் அச்சோதனையைச் செய்தாரில்லை. பள்ளிக் கதவை அடைத்துவிட்டுப் பிறப்பின்மீது பழி சுமத்தினர். சுண்டெலி மனித சமுதாயத்திற்குச் சான்றாகாது. ஆயினும் கேட்கவேண்டிய கேள்வியை அது கற்பிக்கிறது. கதவைத் திறந்து 25 ஆண்டுகளாக இக்கழகம் அக்கேள்விக்கு விடை கூறி வருகிறது. மாணவச் செல்வங்களே, அவ்விடையை இன்னும் உரக்கச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.