ஒரே வீட்டுப் பூனைகள் திடீரென்று சண்டையிட்டால்

வருடக்கணக்கில் ஒரே பாயில் சுருண்டு தூங்கிய இரண்டு பூனைகள், ஒரு நாள் திடீரென்று மயிர் சிலிர்க்கச் சீறி, கட்டிப் புரண்டு சண்டை போடும். வளர்ப்பவர்கள் பதறிப்போவார்கள்.

பல நேரம் கோபம் அந்த இன்னொரு பூனைமேல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, மதில்மேல் ஒரு தெருக் கடுவன் வந்து நிற்கும். அதை எட்டமுடியாத ஆத்திரத்தில், பக்கத்தில் இருப்பதன்மேல் நம் பூனை பாய்ந்துவிடும். இன்னொரு காரணம் வாசனை. பூனைகள் பெரிதும் மூக்கை நம்பித்தான் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. மருத்துவமனை போய்வந்த பூனைமேல் மருந்து வாடை அடித்தால், வீட்டிலிருந்த பூனைக்கு அது யாரோ.

சண்டைக்குள் கையை விடாதீர்கள். நடுவே ஒரு பெரிய அட்டையை நீட்டிப் பிரித்து, தனித்தனி அறையில் விடுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். பூனைக்கடியாலும் வெறிநோய் வரும்.

கோபம் தணிய சில மணி நேரமாகலாம், சில நாளும் ஆகலாம். அன்றைக்கே சேர்த்து வைக்கப் பார்ப்பதில்தான் பலரும் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போடுங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால், கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். அடிக்கவே கூடாது, பயம்தான் கூடும், பாவம்.

வெளிக்காரணம் எதுவும் தெரியவில்லையென்றால், பல்வலியோ மூட்டுவலியோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.