குழும நிறுவனக் கணக்குகளும் தோட்டத் தொழிலாளரும்

(முதலமடையில் கல்லூரி மாணவரிடையே ஆற்றிய உரை)



நாட்டின் பிற பகுதிகளுக்கு முந்தி மாங்காயைச் சந்தைக்கு அனுப்பும் ஊர் இது. ஆகவே மாங்காயைக் கொண்டே தொடங்குகிறேன். ஒரு நிறுவனம் 6 லட்சம் ரூபாய்க்கு மாங்காய் வாங்கி, தனக்கே முழுதும் சொந்தமான மற்றொரு நிறுவனத்துக்கு 10 லட்சத்துக்கு விற்கிறது எனக் கொள்வோம். ஏட்டில் 4 லட்சம் இலாபம் தெரிகிறது. ஆனால் பெட்டிகளோ இன்னும் கிடங்கிலேயே இருக்கின்றன. வெளியார் ஒருவர் வாங்கும்வரை இது இலாபமாகாது. தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனங்களையும் ஒரே நிறுவனமாகக் கருதி, இத்தகைய உள் விற்பனைகளை நீக்கி எழுதப்படுவதே ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கையாகும்.

எந்த நிறுவனத்தைச் சேர்ப்பது, எதனை விடுவது என்பதே இதில் தலையாய வினா. 2011இல் வெளியிடப்பட்டு 2013 முதல் நடைமுறைக்கு வந்த பத்தாம் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம், கட்டுப்பாட்டையே இதற்கு அளவுகோலாகக் கொண்டது. முடிவெடுக்கும் அதிகாரம், ஏறி இறங்கும் பலனில் பங்கு, அந்தப் பலனை மாற்ற அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஆற்றல் ஆகிய மூன்றும் ஒருங்கே இருத்தல் வேண்டும். இதனை ஒட்டியமைந்த இந்தியத் தரம் 110, பெரிய நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. கட்டுப்பாடின்றிச் செல்வாக்கு மட்டும் இருப்பின் அது இணை நிறுவனம் எனப்படும். பொதுவாக 20 சதவீத வாக்குரிமை இதற்கு அடையாளம். இணை நிறுவனத்தின் சொத்தும் கடனும் குழுமக் கணக்கில் ஏறுவதில்லை. அதன் இலாப நட்டத்தில் உரிய பங்கு மட்டும் ஒரே வரியில் இடம்பெறும்.

இதன் பொருளை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியே சென்றால் மூணாறு. அங்குள்ள கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்கள் டாட்டா டீ நிறுவனத்தின் ஒரு பகுதியாக இருந்தவை. அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 27 கோடியே 10 லட்சம் பவுன் விலையில் இங்கிலாந்தின் டெட்லி நிறுவனத்தை வாங்கியது. 2005இல் மூணாற்றுத் தோட்டங்களைக் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் என்ற தனி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் தொழிலாளர் உள்ளிட்ட பணியாளரிடம் சென்றன. டாட்டா நிறுவனம், இன்றைய டாட்டா கன்ஸ்யூமர், சிறுபான்மைப் பங்கினையே வைத்துக்கொண்டது.

விளைவு யாது? கடல் கடந்த டெட்லியின் சொத்தும் கடனும் டாட்டா குழுமக் கணக்கில் முழுமையாக ஏறின. மூணாற்று மலைகளோ இணை நிறுவனம் என்ற வகையில் ஒரே வரியில் அடங்கின. அந்நிறுவனம் நட்டமடைந்தால், முதலீட்டின் ஏட்டு மதிப்பு தீரும்வரையே முதலீட்டாளர் தம் பங்கு நட்டத்தைக் காட்ட வேண்டும். தனியே பொறுப்பேற்றிருந்தாலன்றி, அதற்கு மேற்பட்ட நட்டம் அவர் கணக்கில் வராது. இதில் விதிமீறல் ஏதுமில்லை. கட்டுப்பாடு நீங்கினால் கணக்கும் நீங்குவதே முறை. ஆனால் தேயிலை விலை வீழ்ச்சியின் சுமை அதனால் மறைந்துவிடுவதில்லை. அது வேறொருவர் தோளுக்கு மாறுகிறது.

2015 செப்டம்பரில் இவ்வுண்மை வெளிப்பட்டது. இலாபம் குறைந்ததைக் காட்டி 10 சதவீத போனஸ் அறிவிக்கப்பட்டபோது, பெரும்பாலும் தமிழரான பெண் தொழிலாளர்கள் மூணாற்றில் மறியல் செய்தனர். போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 என மொத்தம் 20 சதவீதத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. கூலி கேட்டவர்களே பங்குதாரர்களாகவும் இருந்தனர் என்பதே இதில் நாம் கருதத்தக்கது. உரிமையாளர் என்ற முறையில் நட்டத்தைத் தாங்க வேண்டியவர்கள், தொழிலாளர் என்ற முறையில் அந்நட்டத்தின் கணக்கைப் படித்தறியும் வாய்ப்பினைப் பெற்றிருந்தனரா?

கட்டுப்பாடு இருந்தும் கணக்கில் சேர்க்காமல் விடுவது ஏமாற்று. 2001இல் வீழ்ந்த அமெரிக்க என்ரான் நிறுவனம் கற்பித்த பாடம் அதுவே. கட்டுப்பாடு உண்மையாகவே இல்லாதபோது சேர்க்காமல் விடுவது நேர்மை. எனினும் ஒருங்கிணைந்த அறிக்கை தாய் நிறுவனப் பங்குதாரரின் வினாவுக்கே விடை தருவது. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் வினாவுக்கு விடை, அவருடைய நிறுவனத்தின் தனிக் கணக்கில்தான் உள்ளது. ஆதலின் 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 129ஆம் பிரிவில் தனி அறிக்கை, ஒருங்கிணைந்த அறிக்கை ஆகிய இரண்டையும் கோருவது பொருத்தமே.

இங்குள்ள மாணவர்கள் நாளை தணிக்கையாளராகவோ அதிகாரிகளாகவோ பணியாற்றக்கூடும். குழும அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்தால், முதலில் இலாபத் தொகையைப் பாராதீர்கள். எல்லைக் கோடு எங்கே இடப்பட்டுள்ளது என்று பாருங்கள். பின்னர்க் கோட்டுக்கு வெளியே நிற்பவர் யார் என்று கேளுங்கள். அவர் பங்குதாரராகவும் இருப்பின், அவருடைய நிறுவனக் கணக்கை அவர் அறிந்த மொழியில் எடுத்துரைப்பது கற்றோரின் கடமையாகும்.