தனித்து வாழும் இரு தாய்மார்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அடியேன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா. விலங்கியல் கற்றவன் அல்லன். ஆயினும் சென்ற ஆண்டு என் இல்லத்தில் நேர்ந்த இரு பிழைகள் எனக்குப் பாடமாயின. அவற்றையே கூற விழைகின்றேன்.

தண்டவாளத்திற்கு அப்பாலுள்ள புல்வெளியில் காட்டு முயற்குட்டி ஒன்று தனியே கிடந்தது. தாயற்றதென்று இரங்கி என் மகன் அதை எடுத்து வந்தான். பசும்பால் ஊட்டினோம், மூன்றாம் நாள் இறந்தது. பின்னரே உண்மை அறிந்தேன். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடையே அமுங்கிய சிறு பள்ளமே அதன் இல்லம். வீட்டில் வளர்க்கும் குழிமுயலின் குட்டி மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும்; காட்டு முயலின் குட்டியோ மயிர் போர்த்துக் கண்திறந்தே பிறக்கும். தாய் அருகிலேயே இருந்தால் பகைவிலங்கு இடமறிந்துவிடும். ஆதலின் முயல்தாய் பகலெல்லாம் விலகியிருந்து, இருள் சூழ்ந்தபின் வந்து சிறிது நேரம் பாலூட்டிச் செல்லும்.

அடுத்தது, எங்கள் அவரைப் பந்தலின் மூங்கிலைத் துளைத்த கருவண்டு. பெயர் வண்டாயினும் அது தச்சுத் தேனீ. ராணியின் கீழ் வாழும் பெருங்கூட்டம் அதற்கில்லை. பெண் தேனீ தனியே மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, சுரண்டிய தூளால் தடுப்பெழுப்பி, அடுத்த அறையைத் தொடங்கும். புழு வளர வேண்டிய உணவு முழுதும் முன்னரே அங்குள்ளது. இஃதறியாமல் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். கத்தரிப் பூவை அதிர்த்து மகரந்தம் உதிர்ப்பதும் இவ்வினமே என்று பின்னர் அறிந்து வருந்தினேன்.

முயல் வீடு கட்டித் தராது; ஆனால் பாலூட்டத் தவறாமல் வரும். தேனீ வீடும் உணவும் தரும். ஆனால் புழுவுக்கு ஊட்ட வாராது. வழி வேறு, அக்கறை ஒன்றே. தனியே கிடப்பதெல்லாம் கைவிடப்பட்டதன்று.

அன்பர்களே! இரவுப் பணி செய்யும் நம்மிற் பலர் பிள்ளைகளை விழித்திருக்கும் பொழுதில் காண்பதே அரிது. முயலைப்போல் சிறுபொழுதேனும் தவறாது அவர்களருகே அமர்வோம். தேனீயைப்போல் வேண்டுவனவற்றை முன்னரே சேர்த்து வைப்போம்.

குழந்தைகளே! முயற்குட்டியைக் கண்டால் தொடாது விலகுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் முயலைக் காக்கின்றது. மூங்கிலில் துளை கண்டால் அடைக்காதீர்கள். எங்கள் பந்தலில் பழைய மூங்கில் இரண்டை இப்பொழுது அப்படியே விட்டு வைத்திருக்கின்றேன்.