குமாஸ்தாவின் சிலேட்டு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உள்ளம் விரும்புவது ஒன்று, வயிற்றுக்காக உழைப்பது மற்றொன்று என்னும் வாழ்வைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். மெட்ரிக்கோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் சரிபார்க்கும் எமக்கு இது வெறும் மேடைப் பொருளன்று. ஆதலின் எம்மைப் போன்ற குமாஸ்தா ஒருவரைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

அவர் சீனிவாச இராமாநுஜன். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுக அலுவலகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், கணக்குப் பிரிவில் அமர்ந்தார். கணிதத்தையன்றி வேறொன்றிலும் மனம் செல்லாமையால் எஃப்.ஏ. தேர்வில் தவறியவர். தாளுக்குக் காசின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவார். அம்முடிவுகளுக்கு வழி காணப் பின்வந்த அறிஞர் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. எம் அலுவலகத்தில் விடையை மட்டும் எழுதினால் தணிக்கையாளர் விடுவாரா!

மேலதிகாரிகள் வாய்த்தது அவர் பேறு. தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதப் பித்தர். அலுவல் முடிந்த மாலைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக அமர்வதுண்டு. தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னர் இரயில்வேப் பொறியாளராக இருந்தவர் (இதில் எமக்கொரு சிறு பெருமை). 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் இராமாநுஜன் குமாஸ்தாவே. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. மறு ஆண்டு கப்பலேறினார். 1918-இல் எஃப்.ஆர்.எஸ். ஆனார், 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார். நோய்ப்படுக்கையிலும் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

அவ்வறிவில் அணுவளவும் எமக்கில்லை. எமக்கு வாய்த்த பித்து, ஞாயிறுதோறும் நம் காலனிக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிப்பது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பதவி உயர்வு வந்தது. வேறூர் செல்ல வேண்டும். அன்று வகுப்பில் முப்பத்தொரு குழந்தைகள். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தோம். இல்லாள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது: இராமாநுஜன் வீட்டிலும் வறுமையைச் சுமந்தவர்கள் பெண்கள்தாமே! உடன் சேர்ந்தோர் இன்று எமக்கு மேலதிகாரிகள். அவர்கள் கோப்பை நீட்டும்போது மனம் சற்றே சுருங்குவதை மறைப்பதற்கில்லை.

இன்று வகுப்புக்கு வருவோர் ஒன்பது பேர். எம் மகளே நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடுகிறாள், தடுக்கவில்லை. ஆயினும் சென்ற மாதம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், ஊரிலுள்ள தன் பாட்டிக்குத் தானே தமிழில் நான்கு வரி எழுதி, உறையில் முகவரியும் எழுதி எம்மிடம் நீட்டினான். 'ழ'கரம் ஓரிடத்தில் தவறியிருந்தது. திருத்தாமல் அஞ்சலில் சேர்த்தோம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்கக் கட்டடத்தின் பின்னறையில் வகுப்பு உண்டு. சிலேட்டு யாமே தருவோம்.